நாபாவில் ஒரு நீரோட்டக்காரர்

இரண்டு கைகளிலும் ‘ட’ எழுத்தைப் போல வளைத்த செம்புக் கம்பிகள். குட்டைப் பகுதியைக் கைப்பிடியாகப் பிடித்து, நீண்ட பகுதியைத் தரைக்கு இணையாக முன்னே நீட்டியபடி ஒருவர் திராட்சை வரிசைகளுக்கு நடுவே மெல்ல நடக்கிறார். ஓரிடத்தில் கம்பிகள் இரண்டும் உள்நோக்கித் திரும்பி ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக விழுகின்றன. அங்கே ஒரு முளைக்குச்சி அடிக்கப்படுகிறது. பிறகு வேறொரு திசையிலிருந்து நடந்து வருகிறார். கம்பிகள் மறுபடி அதே இடத்தில் கூடினால், கிணறு தோண்ட அதுதான் புள்ளி.

நம் ஊர் வயல்களில் பார்த்த காட்சிதான். ஆனால் இது நடப்பது அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், உலகெங்கும் ஒயினுக்குப் பெயர்போன நாபா பள்ளத்தாக்கில். கம்பி பிடிப்பவர் மார்க் மொண்டாவி. 1861-இல் தொடங்கிய சார்லஸ் க்ரூக் ஒயின் ஆலையை 1943-இல் அவருடைய தாத்தா சேசரே மொண்டாவி வாங்கினார். கலிஃபோர்னிய ஒயினை உலக மேசையில் உட்கார வைத்த ராபர்ட் மொண்டாவி, மார்க்கின் பெரியப்பா. இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான் அக்கம்பக்கத்துத் தோட்டங்களுக்கும் போய் நீரோட்டம் பார்த்துச் சொல்கிறார். ‘தி டிவைனிங் ராட்’, அதாவது நீரோட்டக் கோல் என்ற பெயரிலேயே ஒரு ஒயினும் விற்றிருக்கிறார்.

அவர் மட்டுமில்லை. 2014-இல் வறட்சி உச்சத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, நாட்டின் மிகப்பெரிய ஒயின் நிறுவனங்களில் ஒன்றான பிராங்கோ, தன் 40,000 ஏக்கர் திராட்சைத் தோட்டங்களில் நீரோட்டம் பார்ப்பவர்களைப் பயன்படுத்துவதாகச் செய்தியாளர்களிடம் வெளிப்படையாகச் சொன்னது. மண்ணின் ஈரத்தை உணர்கருவியால் அளப்பவர்கள், செயற்கைக்கோள் படத்தில் இலையின் வாட்டத்தைப் படிப்பவர்கள், கிணறு எங்கே என்ற கேள்வி வந்ததும் கம்பிக்காரரை அழைத்தார்கள். அமெரிக்க நாட்டுப்புறம் கம்பிக்காரர்களுக்கு வைத்திருக்கும் பெயர் ‘வாட்டர் விட்ச்’, தண்ணீர்ச் சூனியக்காரர். ஏன் அழைத்தார்கள்? அதற்கு விடை தேடிப் போனால் குச்சியைப் பற்றிய கதை, தண்ணீர் யாருக்குச் சொந்தம் என்ற கதையாக மாறிவிடுகிறது.

பனி இல்லாத மலை

கலிஃபோர்னியாவில் மே முதல் அக்டோபர் வரை மழை கிடையாது என்றே சொல்லிவிடலாம். குளிர்காலத்தில் பெய்வதுதான் ஆண்டு முழுமைக்கும். அந்த மழையின் ஒரு பங்கு சியரா நெவாடா மலைத்தொடரில் பனியாக உறைந்து கிடந்து, கோடையில் மெல்ல உருகி ஆறுகளுக்கும் அணைகளுக்கும் வரும். மலைமேல் இருக்கும் அந்தப் பனிதான் மாநிலத்தின் பெரிய நீர்த்தேக்கம்.

2012-இல் தொடங்கிய வறட்சி அந்தத் தேக்கத்தையே காலி செய்தது. 2014 ஜனவரி 17 அன்று ஆளுநர் ஜெர்ரி பிரவுன் வறட்சி நெருக்கடி நிலையை அறிவித்தார். 2015 ஏப்ரல் 1 அன்று, பனி அளக்கும் இடமான பிலிப்ஸ் ஸ்டேஷனுக்குப் போய் நின்றார். வழக்கமாக அந்த நாளில் அங்கே ஆள் உயரத்துக்குப் பனி கிடக்கும். அன்று அவர் காலடியில் காய்ந்த புல்தான் இருந்தது. மாநிலத்தின் மொத்தப் பனியிருப்பு சராசரியில் 5 சதவீதம். நகரங்கள் தண்ணீர்ச் செலவை 25 சதவீதம் குறைக்க வேண்டும் என்று அங்கே நின்றபடியே அவர் ஆணை அறிவித்தார்.

வாய்க்காலில் தண்ணீர் வராதபோது உழவர் செய்வது எங்கும் ஒன்றுதான். பூமியைத் துளைப்பார். கிணறு தோண்டும் நிறுவனங்களின் வாசலில் பெயர் எழுதிவிட்டு மாதக்கணக்கில், சில இடங்களில் ஓராண்டுக்கும் மேல், காத்துக் கிடந்தார்கள். ஆழமான விவசாயக் கிணறு ஒன்றுக்கு லட்சக்கணக்கில் டாலர் செலவாகும். தண்ணீர் வராவிட்டாலும் துளைத்த அடிக்குக் கூலி உண்டு. இத்தனை பெரிய பணத்தை இருட்டுக்குள் இறக்கப்போகிறவர், நூற்றுக்கணக்கான டாலர் கேட்கும் ஒருவர் செம்புக் கம்பியோடு வந்து “இங்கே தோண்டுங்கள்” என்றால் வேண்டாம் என்பாரா?

எங்கள் வீட்டிலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் சிறுவனாக இருந்தபோது தாத்தா ஒரு நீரோட்டக்காரரை அழைத்துவந்தார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்தபடி அவர் வெறுங்காலோடு நடந்தார். வேப்பமரத்துக்குக் கிழக்கே தேங்காய் நிமிர்ந்து நின்றது. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்தது. விடியவிடிய ஓடிய துளைப்பானில் இருந்து வெள்ளைப் புழுதி மட்டும் வந்தது. தாத்தா அந்த ஆளைத் திட்டவில்லை. “நம்ம நேரம்” என்று மட்டும் சொன்னார். அந்த இரண்டு சொற்களுக்குப் பின்னால் எவ்வளவு கடன் இருந்தது என்று புரிய எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. அதனால் நாபாவின் பெரிய தோட்டக்காரர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு வரவில்லை. பணம் எவ்வளவு இருந்தாலும், பூமிக்குள் பார்வை போகாத மனிதரின் பயம் ஒன்றுதான்.

சுரங்கத்திலிருந்து கொலைக் களத்துக்கு

இந்தக் குச்சியின் வரலாறு சுரங்கத்தில் தொடங்குகிறது. ஜெர்மானிய அறிஞர் கியோர்கியுஸ் அக்ரிகோலா எழுதிய ‘தே ரே மெட்டாலிகா’ 1556-இல் வெளியானது. சுரங்கத் தொழிலின் முதல் பெரும் பாடநூல் அது. அதில் ஒரு மரச்செதுக்குப் படம் உண்டு: மலையடிவாரத்தில் சிலர் மண்ணைக் கொத்துகிறார்கள், சிலர் கவட்டைக் குச்சியைப் பிடித்துக்கொண்டு திரிகிறார்கள். வெள்ளிக்கு ஹேசல் மரக்குச்சி, செம்புக்கு ஆஷ் மரக்குச்சி, ஈயத்துக்குப் பைன், தங்கத்துக்கு இரும்புக் கோல் என்று சுரங்கக்காரர்கள் நம்பிய வகைகளை எல்லாம் பொறுமையாக எழுதிவிட்டு, தேர்ந்த சுரங்கக்காரருக்கு இந்தக் குச்சி தேவையில்லை, மண்ணும் பாறையும் இயற்கையாகவே காட்டும் அடையாளங்களைப் படிக்கத் தெரிந்தால் போதும் என்று முடிக்கிறார் அக்ரிகோலா. ஏறத்தாழ 470 ஆண்டுகளுக்கு முன் சொன்னது.

ஒயினுக்கும் குச்சிக்குமான முதல் பெரிய சந்திப்பு ரத்தத்தில் நடந்தது. 1692 ஜூலையில் பிரான்சின் லியோன் நகரில் ஒரு ஒயின் வணிகரும் அவர் மனைவியும் தங்கள் நிலவறையில் கொல்லப்பட்டுக் கிடந்தார்கள். துப்பு எதுவும் கிடைக்காமல் திணறிய அதிகாரிகள், தோஃபினே பகுதியிலிருந்து ஜாக் எமார் என்ற உழவரை வரவழைத்தார்கள். நீரோட்டம் பார்ப்பதில் பெயர்பெற்றவர் அவர். குச்சியோடு நிலவறைக்குள் இறங்கினார். கொலை நடந்த இடத்தில் குச்சி துள்ளியது. அங்கிருந்து குச்சி இழுத்த வழியே தெருக்களைக் கடந்து, ரோன் ஆற்றின் ஓரமாகவே தெற்கே போய், பொக்கேர் ஊர்ச் சிறையில் வேறொரு திருட்டுக்காக அடைபட்டிருந்த கூன்முதுகு இளைஞன் ஒருவன் முன்னால் போய் நின்றார். அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். சக்கரத்தில் கட்டி எலும்பை முறிக்கும் தண்டனையில் அவன் உயிர் போனது.

எமாரின் புகழ் பிரான்ஸ் முழுக்கப் பரவியது. கோன்டே இளவரசர் அவரைப் பாரிசுக்கு அழைத்தார். தோட்டத்தில் குழிகள் தோண்டி, சிலவற்றில் தங்கமும் வெள்ளியும் செம்பும், சிலவற்றில் வெறும் கல்லும் வைத்து மூடிக் கண்டுபிடிக்கச் சொன்னார். எமார் தோற்றார். அடுத்தடுத்து வைத்த சோதனைகளிலும் தோற்றார். லியோனில் ஊரே பேசிக்கொண்டிருந்த செய்திகளும், சிறையில் யார் யார் இருக்கிறார்கள் என்ற தகவலும் காதில் விழ வாய்ப்பு இருந்தது. பாரிசுத் தோட்டத்தில் அந்த வாய்ப்பு இல்லை. குச்சி பிடிப்பவர் கண்ணும் காதும் திறந்திருக்கும் இடத்தில் குச்சிக்கு அறிவு வருகிறது, அடைத்துவிட்டால் போய்விடுகிறது. இந்த உண்மை அன்றே தெரிந்துவிட்டது. ஆனாலும் அந்த இளைஞனின் எலும்புகள் முறிந்தது முறிந்ததுதான்.

கலிஃபோர்னியாவுக்குக் குடியேறியவர்கள் தங்கள் குச்சியையும் கூடவே கொண்டுவந்தார்கள். ஜான் ஸ்டைன்பெக்கின் ‘ஈஸ்ட் ஆஃப் ஈடன்’ நாவலில் சாமுவேல் ஹாமில்டன் கவட்டைக் கோலோடு ஒரு பண்ணையில் நீர் தேடுகிறார். அந்தப் பெயரில் ஸ்டைன்பெக்கின் சொந்தத் தாத்தாவே சலினாஸ் பள்ளத்தாக்கில் வாழ்ந்தவர். குச்சி பிடிப்பது அங்கே வேடிக்கையாகப் பார்க்கப்பட்டதில்லை. அது அண்டை வீட்டாருக்குச் செய்யும் உதவியாக இருந்தது. இன்னொரு பக்கம், அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் 1917-இலேயே இந்தக் கோலின் வரலாற்றை ஒரு நூலாக வெளியிட்டு, இதை இனியும் சோதித்துக்கொண்டிருப்பது பொதுப்பணத்தை வீணாக்குவது என்று முன்னுரையில் எழுதிவிட்டது.

கொட்டகையில் ஒரு குழாய்

பொதுப்பணம் மறுபடியும் செலவாயிற்று, இந்த முறை ஜெர்மனியில். 1980-களின் பிற்பகுதியில், மியூனிக் அருகே அரசு நிதியோடு நடந்த அந்தச் சோதனையைப் போல விரிவாக வேறொன்று நடந்ததில்லை. 500-க்கும் மேற்பட்ட நீரோட்டக்காரர்கள் வந்தார்கள். அவர்களில் நன்றாகச் செய்கிறார்கள் என்று தோன்றிய 43 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு தளம் கொண்ட ஒரு கொட்டகை. கீழ்த்தளத்தில் தண்ணீர் ஓடும் குழாய் ஒன்றை வண்டியில் வைத்து, 10 மீட்டர் நீளக் கோட்டில் எங்கு வேண்டுமானாலும் நகர்த்தலாம். ஒவ்வொரு முறையும் இடத்தைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். மேல்தளத்தில் நீரோட்டக்காரர் நடந்து, குழாய் எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டும். மொத்தம் 843 சோதனைகள்.

நடத்திய இயற்பியலாளர்கள், பெரும்பாலோர் தோற்றாலும் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரிடம் உண்மையான திறன் தெரிகிறது என்று முடிவு சொன்னார்கள். உலகம் முழுக்க நீரோட்டக்காரர்கள் அதைச் சான்றிதழாகக் காட்டினார்கள். சான் டியேகோவைச் சேர்ந்த ஆய்வாளர் ஜிம் என்ரைட் அதே எண்களை எடுத்து மறுபடி கணக்குப் போட்டார். ஒருநாள் சரியாகச் சொன்னவர் மறுநாள் தவறினார். சிறந்தவர் என்று பேர் வாங்கியவரோடு, நடக்கவே நடக்காமல் ஒவ்வொரு முறையும் “நட்ட நடுவில்” என்று கண்ணை மூடிச் சொல்லும் ஓர் ஆளை ஒப்பிட்டால், அந்தச் சிறந்தவர் அவரைவிடச் சராசரியாக 4 மில்லிமீட்டர் மட்டுமே குழாய்க்குக் கூடுதல் நெருக்கமாக வந்திருந்தார். 10 மீட்டரில் 4 மில்லிமீட்டர்.

அப்படியானால் கம்பி அசைவது பொய்யா? இல்லை. அது உண்மையாகவே அசைகிறது, பிடித்திருப்பவர் அசைப்பது அவருக்கே தெரிவதில்லை. 1852-இல் ஆங்கில மருத்துவர் வில்லியம் கார்பென்டர் இதை விளக்கினார்: மனதில் ஓர் எதிர்பார்ப்பு எழும்போது, நாம் அறியாமலேயே தசைகள் அதற்கேற்ப நுணுக்கமாக அசைகின்றன. கவட்டைக் குச்சியை உள்ளங்கை மேலே பார்க்கப் பிடித்து வெளிப்புறமாக இழுத்து விறைப்பாக வைப்பதைக் கவனியுங்கள். இழுத்துக் கட்டிய வில் போன்ற நிலை அது. மணிக்கட்டு ஓர் இழை திரும்பினாலே குச்சி துள்ளி விழும். ‘ட’ கம்பியும் அப்படித்தான், கை ஒரு துளி சாய்ந்தால் முனை ஒரு முழம் திரும்பும். என் தாத்தா அழைத்துவந்தவர் ஏமாற்றுக்காரர் இல்லை என்று நான் இன்றும் நம்புகிறேன். தேங்காய் நிமிர்ந்ததில் எங்களைப் போல அவரும் அசந்துதான் நின்றார்.

ஆனால் மொண்டாவி அடித்த முளையில் தண்ணீர் வருகிறதே? வரும். நாபா பள்ளத்தாக்கின் தரை, ஆறு பல ஆயிரம் ஆண்டுகளாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டலும் கூழாங்கல்லும். அதன் இடுக்குகள் எல்லாவற்றிலும் தண்ணீர் நிற்கிறது. பூமிக்கடியில் ரத்தக்குழாய் போல ஓடைகள் ஓடுகின்றன என்று நாம் கற்பனை செய்கிறோம். வண்டல் நிலத்தில் அது நனைந்த பஞ்சைப் போன்றது. எங்கே குத்தினாலும் ஈரம்தான். அங்கே தண்ணீர் கிடைக்காமல் துளைப்பதுதான் கடினம். பள்ளத்தாக்கின் இருபுறமும் எழும் மலைச்சரிவுகளில் கதை வேறு. எரிமலைப் பாறை, அதில் விரிசல் இருக்கும் இடத்தில் மட்டும் நீர். பத்தடி தள்ளினால் வறண்டு போகலாம். நம் தமிழ்நாட்டில் பெரும்பகுதி இப்படிப்பட்ட கடினப்பாறைதான், அதனால்தான் நம் ஊரில் புழுதி பறக்கிறது. அந்தச் சரிவில் கிடைத்த கிணறு வாய்ச்சொல்லாக ஊரெல்லாம் போகிறது. கிடைக்காத கிணற்றை மூடிவிட்டு யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

குச்சிக்கு நீர் தெரியாவிட்டாலும், பல ஆண்டுகள் அந்த மலைகளில் நடந்தவருக்கு நிலம் தெரியும். எந்தச் சரிவில் கோடையிலும் பச்சை தங்குகிறது, பாறை எங்கே மடிகிறது, பக்கத்துத் தோட்டத்தில் எத்தனை அடியில் கிடைத்தது என்பதெல்லாம் அவர் மனதில் இருக்கும். ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் தன் பிருகத் சம்ஹிதையில் நிலத்தடி நீருக்கென்று ஒரு அத்தியாயமே எழுதினார். அதில் அவர் மரங்களையும் கரையான் புற்றுகளையும்தான் பார்க்கச் சொல்கிறார். அந்தக் கவனிப்பு மதிக்க வேண்டியது. கம்பியை நீரோட்டக்காரர் கையிலிருந்து வாங்கிவிட்டு, நிலத்தைப் பற்றி மட்டும் அவரைப் பேசச் சொன்னால் நான் பணிவோடு கேட்பேன்.

பூட்டிய பெட்டிக்குள் இருந்த வரைபடம்

எனக்கு இந்தக் கதையில் உண்மையான கோபம் வந்த இடம் இனிமேல்தான்.

ஒரு கிணறு துளைக்கப்படும்போது, எத்தனை அடிவரை களிமண், எங்கே மணல், எங்கே பாறை, எத்தனை அடியில் நீர், நிமிடத்துக்கு எவ்வளவு என்று துளைப்பவர் ஒரு பதிவேடு எழுதுவார். கலிஃபோர்னியாவில் அதை மாநில அரசிடம் ஒப்படைத்தாக வேண்டும். பல பத்தாண்டுகளாக இப்படி லட்சக்கணக்கான பதிவுகள் சேர்ந்தன. அத்தனையையும் பக்கம் பக்கமாக வைத்தால் மாநிலத்தின் நிலத்தடி முழுவதும் கண்முன் விரியும். ஆனால் 2015 வரை சட்டப்படி அவை ரகசியம். பக்கத்துத் தோட்டத்துக் கிணறு எத்தனை அடி என்று உழவர் கேட்டால் அரசு சொல்லாது. தங்கள் கிணற்றின் விவரம் போட்டியாளருக்குப் போகக்கூடாது என்று நினைத்தவர்கள் அந்தப் பூட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மேற்கு மாநிலங்களில் இந்தப் பதிவுகளை மறைத்துவைத்தது கலிஃபோர்னியா ஒன்றுதான்.

குச்சிக்கு இருந்த மரியாதையின் பாதி விளக்கம் இதில் இருக்கிறது. அறிவைப் பூட்டி வைத்த இடத்தில் மனிதர்கள் கம்பியிடம் கேட்டார்கள். வேறு யாரிடம் கேட்பார்கள்? நிலத்தடி நீரியல் வல்லுநரை அமர்த்தினால் செலவு கூடும், அவரும் “வாய்ப்பு இவ்வளவு” என்றுதான் சொல்வார், “இங்கே” என்று முளை அடித்துத் தரமாட்டார்.

எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கும் அப்போது அங்கே பெரும்பாலான இடங்களில் கணக்கு இருக்கவில்லை. உன் நிலத்துக்குக் கீழே இருப்பதை நீ எடுத்துக்கொள், அவ்வளவுதான். இதைத்தான் குச்சி மறைக்கிறது. குச்சி “எங்கே” என்ற கேள்விக்குத்தான் பதில் சொல்வதாகப் பாவிக்கிறது. எவ்வளவு, எத்தனை நாளுக்கு, யாருடைய பங்கிலிருந்து என்ற கேள்விகள் அதன் முன் எழுவதே இல்லை. நனைந்த பஞ்சில் நான் எங்கே உறிஞ்சினாலும் அடுத்தவர் பக்கம் காய்கிறது.

பாசோ ரோபிள்சில் அது கண்ணால் பார்க்கும்படி நடந்தது. கடலோர மலைகளுக்குக் கிழக்கே இருக்கும் அந்தப் பகுதி சில பத்தாண்டுகளில் மேய்ச்சல் நிலத்திலிருந்து ஒயின் நாடாக மாறியது. புதிய தோட்டங்கள் ஆழமாகத் துளைத்தன. நிலத்தடி நீர்மட்டம் சில இடங்களில் 1997-க்குப் பின் 70 அடிக்கும் கீழே இறங்கியது. தோட்டங்களின் ஓரத்தில் வாழ்ந்த ஓய்வுபெற்றவர்களின் வீட்டுக் கிணறுகள் காற்றை இழுத்தன. 2013 ஆகஸ்டில் மாவட்ட நிர்வாகம் அவசர ஆணை போட்டது: புதிதாக ஒரு கொடி நட வேண்டுமானால், அது குடிக்கும் அளவு தண்ணீரை வேறெங்காவது மிச்சப்படுத்திக் காட்ட வேண்டும்.

இன்னும் கிழக்கே டுலாரே மாவட்டத்தின் கிழக்குப் போர்ட்டர்வில்லில், தோட்டங்களில் கூலி வேலை செய்யும் குடும்பங்கள் வாழும் தெருக்களில், 2014-இல் வீட்டுக் குழாய்கள் ஒவ்வொன்றாக நின்றன. நூற்றுக்கணக்கான வீடுகள். ஊரார் பெட்டித் தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள். தேவாலயத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் பொதுக் குளியலறைகள் வைத்தார்கள். உலகின் மிகப் பணக்கார மாநிலங்களில் ஒன்றில், பழம் பறித்துவிட்டு வந்த பெண் தன் பிள்ளைகளைக் குளிப்பாட்ட வாளியோடு போனார். அந்தத் தெருக்கள் நகரக் குடிநீரோடு இணையத் தொடங்கியது 2016-இல். அவர்களுடைய கிணறுகள் ஆழமற்றவை. ஆழமாகத் துளைக்கப் பணம் இருந்தவர் துளைத்தார், எவர் குச்சி எந்தப் பக்கம் சாய்ந்தாலும் இவர்கள் பக்கம் வற்றியது.

கிழக்குப் போர்ட்டர்வில் இருக்கும் அதே பெரிய பள்ளத்தாக்கில் 1977-இல் எடுத்த ஒரு புகைப்படம் நிலவியல் மாணவர்கள் எல்லோருக்கும் தெரியும். மெண்டோட்டா அருகே ஒரு மின்கம்பத்தின் பக்கத்தில் ஜோசப் போலண்ட் என்ற ஆய்வாளர் நிற்கிறார். கம்பத்தில் மூன்று பலகைகள். கீழே 1977, நடுவே 1955, உச்சியில், அவர் தலைக்கு மேலே வெகு உயரத்தில், 1925. அந்தந்த ஆண்டில் தரை இருந்த உயரம். நீரை உறிஞ்ச உறிஞ்சக் களிமண் அடுக்குகள் நெருங்கி, ஏறத்தாழ 9 மீட்டர் பூமி இறங்கிவிட்டது. அப்படி நசுங்கிய களிமண் மறுபடி மழை பெய்தாலும் பழையபடி விரியாது.

2014 செப்டம்பர் 16 அன்றுதான் நிலத்தடி நீரை நெறிப்படுத்தும் சட்டத்தில் பிரவுன் கையெழுத்திட்டார். மாநிலம் உருவாகி 164 ஆண்டுகள் கழித்து. மிக மோசமாக வற்றிய படுகைகள் 2040-க்குள் வரவும் செலவும் சமமாகும் நிலைக்கு வர வேண்டும். பாசோ ரோபிள்ஸ் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அடுத்த ஆண்டு கிணற்றுப் பதிவேடுகளின் பூட்டும் திறந்தது. 2021-இலிருந்து ஹெலிகாப்டர்கள் பெரிய வளையம் ஒன்றைத் தொங்கவிட்டபடி படுகைகளின் மேல் பறந்தன. வளையத்திலிருந்து மின்காந்தத் துடிப்பை மண்ணுக்குள் அனுப்பி, திரும்பி வருவதை வைத்து ஏறத்தாழ 300 மீட்டர் ஆழம்வரை எங்கே மணல், எங்கே களிமண் என்று படம் எடுத்தார்கள். யார் வேண்டுமானாலும் அந்தப் படங்களைப் பார்க்கலாம். தூரத்திலிருந்து பார்த்தால், வானத்தில் யாரோ நீரோட்டம் பார்ப்பது போலத்தான் இருக்கும்.

தாகம் தரும் சுவை

இவ்வளவு தண்ணீர் திராட்சைக்குத் தேவைதானா?

கொடி மிகவும் அடக்கமான செடி. பாதாமைப் போலத் தாகம் கொண்டதில்லை. காய் பிஞ்சாக இருக்கும்போது நீர் கொஞ்சம் குறைந்தால், வேர் அப்சிசிக் அமிலம் என்ற சமிக்ஞையை மேலே அனுப்பும். இலைத் துளைகள் சுருங்கும், கிளையின் ஓட்டம் நிற்கும். காய்கள் சிறுத்துப்போகும். சிறிய பழத்தில் சாற்றோடு ஒப்பிடும்போது தோலின் பங்கு கூடும். சிவப்பு ஒயினின் நிறமும் துவர்ப்பும் மணத்தில் பெரும்பகுதியும் தோலில்தான் இருக்கின்றன. தண்ணீர் குடித்துப் பெருத்த பழத்தில் சர்க்கரைத் தண்ணீர்தான் மிஞ்சும். பிரான்சின் பெயர்பெற்ற ஒயின் பகுதிகளில் நெடுங்காலம் பாசனத்துக்கே தடை இருந்தது இதனால்தான்.

அளவு மீறினால் கெடுதியும் உண்டு. இலை உதிர்ந்தால் குலைக்கு நிழல் போய்விடும். பழம் வெயிலில் சுருங்கும், சர்க்கரை முந்திக்கொண்டு ஏறும், புளிப்பு இறங்கும். ஒரு லிட்டர் சாற்றில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை ஒரு சதவீத ஆல்கஹாலாக மாறும் என்பதால் ஒயின் எரிச்சலாகும். நாபாவில் 2012, 2013, 2014 மூன்றும் வறட்சி நடுவிலும் நிறைவான அறுவடைகள், அருமையான ஒயின்கள். 2015-இல் விளைச்சல் சட்டென்று சரிந்தது.

ஆகவே கொடிக்கு எப்போது தாகம், எவ்வளவு தாகம் என்று தெரிய வேண்டும். அதற்கு ஒரு கருவி 1965-இலிருந்தே இருக்கிறது. நண்பகலில் ஓர் இலையைக் காம்போடு வெட்டி, காம்பின் முனை மட்டும் வெளியே தெரிய ஓர் உலோகக் கலனுக்குள் அடைத்து, உள்ளே வாயுவின் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். ஒரு கட்டத்தில் வெட்டிய காம்பின் முனையில் ஒரு துளி நீர் கசியும். எவ்வளவு அழுத்தத்தில் கசிந்ததோ அவ்வளவு தாகம். பூமியிடம் கேட்பதற்குப் பதில் செடியிடமே கேட்பது. இப்படிக் கேட்டுப் பார்த்த பல தோட்டக்காரர்கள், தாங்கள் தேவைக்கு மேல் நீர் பாய்ச்சி வந்ததைக் கண்டார்கள்.

சொட்டுநீர்க் குழாய் கலிஃபோர்னியத் தோட்டங்களுக்குப் பரவலாக வந்ததே 1970-களில்தான். அதற்கு முன் நாபா போன்ற இடங்களில் பெரும்பாலான கொடிகள் மழையை மட்டும் நம்பியவை. காண்ட்ரா கோஸ்டாவின் மணலில் நூறு வயது கடந்த ஜின்ஃபண்டெல் கொடிகள் அப்படி வளர்ந்தவைதான். குழாய் வந்ததும் வேர்கள் சொட்டு விழும் இடத்தைச் சுற்றி மேலாகவே தங்கிவிட்டன. கீழே போக அவற்றுக்கு அவசியம் இல்லாமல் போனது. வறட்சியில் குழாயை அடைத்ததும் அந்தக் கொடிகள்தான் முதலில் வாடின.

நாபாவின் ரதர்ஃபோர்டில் இருக்கும் ஃபிராக்ஸ் லீப் ஒயின் ஆலையை 1981-இல் தொடங்கியவர்களில் ஒருவரான ஜான் வில்லியம்ஸ் பழைய வழிக்குத் திரும்பினார். பாசோ ரோபிள்சின் மழை கூடிய மேற்குச் சரிவில் டாப்லாஸ் கிரீக் தோட்டமும் பல ஏக்கரில் அப்படிச் செய்கிறது. நம் மொழியில் சொன்னால் மானாவாரித் திராட்சை. ஆழமாக வேர்விடும் செயின்ட் ஜார்ஜ் போன்ற வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டி, கொடிகளைத் தள்ளித் தள்ளி நடுகிறார்கள். முதல் ஓரிரு ஆண்டுகள் மட்டும் தண்ணீர் கொடுத்துவிட்டு, பிறகு நிறுத்திவிடுகிறார்கள். எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. பாசோ ரோபிள்சின் கிழக்குப் பக்கத்தில் பெய்யும் சொற்ப மழைக்கும், மண்ணே இல்லாத பாறைச் சரிவுக்கும் இது ஆகாது. விளைச்சலும் குறையும். ஆழமான மண்ணும் போதிய குளிர்கால மழையும் உள்ள இடங்களில் கொடி அந்த வறண்ட ஆண்டுகளைத் தாண்டி நின்றது.

அவர்கள் செய்யும் முக்கியமான வேலை வசந்தத்தில். குளிர்காலம் முழுக்க வரிசைகளுக்கு நடுவே பயறும் புல்லும் வளரவிட்டு மழையை மண்ணுக்குள் இறக்குகிறார்கள். மழை நின்றதும் அதை மடக்கி உழுகிறார்கள். மறுபடி உழுகிறார்கள். மேல்மண் மாவாகும்வரை. அந்தப் புழுதி ஒரு போர்வையாகக் கிடந்து, கீழே இருக்கும் ஈரம் மேலேறி வெயிலில் போகாமல் தடுக்கும். புழுதி உழவு என்று நம் மானாவாரிக்காரர்கள் சொல்வதுதான். வசந்தத்தின் கடைசியில் அந்த உழவு முடிகிறது. காலை வெயிலில் வரிசைகள் வெளுத்துக் கிடக்கின்றன, கைவிரலை இரண்டு கணு இறக்கினால் குளிர்ச்சி தட்டுகிறது. அதற்கும் கீழே வேர் போய்க்கொண்டிருக்கிறது. அடுத்த மழை நவம்பரில்.